மட்காட்டுக்கும் டயருக்கும் நடுவில்

"திரும்புங்க மாஸ்டர்," என்றார் தலைமையாசிரியர்.

காலை வணக்கத்துக்குப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வரிசையில் நின்றிருந்தார்கள். ஆசிரியர்கள் வரிசையில் நான் கடைசி ஆள். எதற்கென்று தெரியாமல் திரும்பினேன். பள்ளிக்கூடம் முழுவதற்கும் என் முதுகு தெரிந்தது. வெள்ளைக் களுசானின், அதாவது கால்சட்டையின், பின்புறத்தில் தொடங்கி வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டி வரைக்கும் செம்மண் சேறு ஒரே கோடாக ஏறியிருந்தது. சைக்கிளின் பின் சக்கரம் வாரி அடித்தது. எனக்கு அது தெரியாது. ஓட்டுகிறவனுக்கு அவன் முதுகு தெரிவதில்லை.

"நல்லாப் பாத்துக்கங்க. ஒங்களுக்கு சுத்தத்தைப் பத்திப் பாடம் எடுக்கப்போற மாஸ்டர் இவருதான்."

பெரிய வகுப்புகள் சிரித்தன. முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் சிரிக்கலாமா என்று பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், அட்டன் நகரத்துப் பள்ளி ஒன்றில் அந்த வருடம்தான் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அதுவும் தற்காலிகம். பள்ளிகளைப் பார்வையிடும் வித்தியாதரிசி அந்தத் தவணைக்குள் வருவார். அவரிடம் தலைமையாசிரியர் நல்ல வார்த்தை சொன்னால் வேலை நிரந்தரமாகும். சொல்லாவிட்டால் நான் மறுபடி தேயிலைத் தோட்டத்துக்குப் போய், விடியற்காலைப் பெரட்டில் மற்றவர்களோடு நின்று, அன்றைக்கு என்ன வேலை தருகிறார்கள் என்று காத்திருக்க வேண்டியதுதான். எங்கள் லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், பெரட்டுக்குப் போகாமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். கடைசி ஆளும் நானாகிவிடக் கூடாது என்று அப்பா கோயிலில் வேண்டிக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியரும் லயத்தில் பிறந்தவர்தான். கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டம் என்று மற்ற ஆசிரியர்கள் சொன்னார்கள். அவர் சொன்னதில்லை. வகுப்பறையில் யாராவது தோட்டத்துப் பேச்சுப் பேசினால் காது கேளாதவர் போல இருப்பார். கோபம் வந்தால் மட்டும் அவருக்கே அந்தப் பேச்சுத்தான் வரும்.

அன்று இடைவேளையில், மற்ற ஆசிரியர்கள் இருக்கும்போதே, அவரிடம் போய், வேறு உடுப்பைப் பையில் கொண்டுவந்து பள்ளியில் மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"இது பள்ளிக்கூடம். லயத்துப் பீலி இல்ல, வந்து குளிச்சு உடுப்பு மாத்திட்டுப் போறதுக்கு," என்றார். "சுத்தமா வர முடியும்னா வாங்க."

பஸ்ஸில் வரலாம் என்று சொல்பவர்களுக்கு: முதல் பஸ் எங்கள் சந்திக்கு வரும்போது பள்ளியில் மணி அடித்திருக்கும். ஆகவே சைக்கிள். அந்தச் சைக்கிள் தோட்டத்தில் உதவி மேலாளராக இருந்த வெள்ளைக்காரச் சின்னத் தொரை ஒருவருடையது. அவர் சீமைக்குத் திரும்பியபோது பங்களாவில் விட்டுப்போனதைச் சமையல்காரர் எடுத்துக்கொண்டார். அவர் மகளுக்கு நான் பரீட்சைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததற்குப் பதிலாக அது என்னிடம் வந்தது. பந்தயச் சைக்கிள். ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹாண்டில், கட்டைவிரல் தடிமனில் டயர். மட்காட் கிடையாது, மட்காட் மாட்டுவதற்கான துளைகளும் கிடையாது. வெயில் நாளில் சமதரையில் ஓட்டுவதற்கென்று யாரோ செய்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் வெயில் நாள் குறைவு. சமதரை அதைவிடக் குறைவு. லயத்தில் அதற்கு எலும்பன் என்று பேர் வைத்திருந்தார்கள்.

மட்காட் போட்டே தீருவது என்று அன்று மாலையே சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிங்களவர், நாங்கள் பாஸ் என்று கூப்பிடுவோம். முன் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு இரும்புக் கால்களும் மேலே சேருகிற இடத்தில், டயருக்கும் இரும்புக்கும் நடுவில், ஒரு தீக்குச்சியை நுழைத்தார். நுழைந்தது. அதன் மேல் இன்னொன்றை வைத்து நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

"பே மாஸ்டர்," என்றார். "முடியாது. இடம் இல்லை. இந்த சைக்கிள் மழை பார்த்தது இல்லை."

"இருக்கிறதுலயே ஒடுக்கமான மட்காட் குடுங்க பாஸ்."

"குடுக்கலாம். போட ஏலாது. வீட்டுச் சுவர்ல மாட்டுங்க."

வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லயத்து வாசலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். என் அக்காவின் புருசன் உதவிக்கு வந்தார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டும் அரத்தைக் கையில் கொண்டுவந்திருந்தார். அவரும் அக்காவும் அதே லயத்தில் மூன்று வாசல் தள்ளி இருந்தார்கள்.

"என்னங்க மச்சான், தொரை சைக்கிளுக்குக் கோவணம் கட்டப் போறீங்களா?"

"பேசாம புடிங்க."

"கட்டணும், கட்டணும். வெள்ளைக்காரன் சைக்கிளை அம்மணமா வுட்டுட்டுப் போயிருக்கான்."

மட்காட்டின் விளிம்பு இரண்டு பக்கமும் வெளியே சுருண்டிருந்தது. அந்தச் சுருளே முன்கால்கள் இரண்டிலும் இடித்தது. விறகுக் கட்டை ஒன்றின் மேல் வைத்துச் சுருளைத் தட்டி உள்ளே மடித்தோம். கால்களுக்கு நடுவே போயிற்று. ஆனால் மேலே, தீக்குச்சி இடத்தில், தகரத்தின் வளைவு டயரில் அழுந்தியது. அந்த இடத்தை மட்டும் வளைவே இல்லாமல் தட்டையாக்க வேண்டும். தட்டினோம். மச்சான் ஓங்கி அடித்த அடியில் தகரம் நடுவில் கீறிக்கொண்டது.

"மெதுவா அடிங்கன்னு சொன்னேனே!"

"நீங்க சொன்னது சைக்கிளுக்கு. என் கைக்கு யாரு சொன்னது?"

நான் சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டேன். கோபத்தில் தட்டினால் தகரம் நீளும், தட்டையாகாது என்று அப்போது கற்றேன். வைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி எடுத்தேன். பிரேக்கின் கைகள் இறங்கி வரும் இடத்தில் தகரத்தை இரண்டு பக்கமும் கத்தரித்தோம். மட்காட்டைப் பிடித்து நிறுத்தும் ஆணியின் தலை உள்பக்கம் டயரில் உரசியது. அதை அரத்தால் ராவி, காசு தடிமனுக்கும் கீழே கொண்டுவந்தேன். தாங்குகம்பிகளுக்குத் துளை இல்லாததால், உடைந்த குடையின் கம்பிகளை வளைத்து, பழைய டியூப் துண்டுகளைச் சுற்றி, முன்கால்களில் இறுக்கிக் கட்டினோம். பின் சக்கரத்துக்கும் அதே வேலை.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "இதுக்கு ஒரு சாக்கை முதுகுல மாட்டிக்கிட்டுப் போனா ஆகாதா?" என்றார்.

"சாக்கோடவா பள்ளிக்கூடம் போவான்?" என்று அக்கா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

"நாங்க சாக்கோடதான மலைக்குப் போறோம்."

சக்கரத்தைச் சுற்றியபோது ஓரிடத்தில் மட்டும் உஸ் உஸ் என்று உரசியது. ரிம் அங்கே கொஞ்சம் கோணல். சக்கரக் கம்பி ஒன்றை இறுக்கி, எதிர்க் கம்பியைத் தளர்த்தினேன். சத்தம் நின்றது. தபால் அட்டை ஒன்றை டயருக்கும் தகரத்துக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தேன். முன்னும் பின்னும் தடையில்லாமல் போய் வந்தது. முடியாது என்ற பாஸை நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை அவர் கடை வாசலில் மணி அடித்துக்கொண்டு போனேன்.

அன்று மழை பெய்தும் என் முதுகில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. தலைமையாசிரியர் என்னைத் திரும்பச் சொல்லவில்லை. நான் கடந்து போனபின் அவரே திரும்பிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை தோட்டத்து மேலாளரான பெரிய தொரையின் ஜீப் வந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் லயத்திலிருந்து ஆலையையும் பங்களாவையும் கடந்து சந்திக்கு இறங்கும் பாதை தோட்டத்துக்குச் சொந்தமானது. செம்மண்ணும் சரளையும் போட்ட பாதை. சந்தியிலிருந்து அட்டன் வரை தார் ரோட்டு, அது அரசாங்கத்தினுடையது. தோட்டத்துப் பாதையில் தொரை வண்டியில் வந்தால், குடை பிடித்திருப்பவர் மடக்க வேண்டும், தலைத்துண்டு கட்டியிருப்பவர் அவிழ்க்க வேண்டும், சைக்கிளில் வருகிறவர் இறங்க வேண்டும். ஆபீஸ் கிளாக்கர்மார் இறங்கிப் பாதை ஓரத்தில் நின்றால் போதும். லயத்து ஆட்கள் பாதையை முழுதாக விட்டு, பக்கத்துக் கானில் இறங்கி நிற்க வேண்டும். கான் என்பது மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால். மலையிலிருந்து கரைந்து வரும் களிமண் முழுக்க அதில்தான் படியும். யாரும் இதை எழுதி ஒட்டவில்லை. நடக்கப் பழகும்போதே எங்களுக்குத் தெரியும்.

ஜீப் சத்தம் கேட்டதும் நான் வழக்கம்போல் இறங்கி, சைக்கிளோடு கானில் நின்றேன். ஜீப் போயிற்று. மேலே ஏறி மிதித்தேன். முன் சக்கரம் அசையவில்லை. தபால் அட்டை போய் வந்த இடத்தில் களிமண் இறுகியிருந்தது. தேயிலைக் குச்சியை ஒடித்துக் குத்தினேன். குச்சி தடிமன், உள்ளே போகவில்லை. குடைக்கம்பிக் கட்டை அவிழ்த்து, சக்கரத்தைக் கழற்றி, விரலால் வழித்து, மறுபடி மாட்டினேன். கொஞ்ச தூரத்தில் பின் சக்கரமும் நின்றது.

பள்ளிக்குப் போனபோது வகுப்பு தொடங்கியிருந்தது. என் முதுகு சுத்தம். கைகள், மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் சேறு.

"அன்னைக்கு முதுகு, இன்னைக்கு முன்பக்கமா?" என்றார் தலைமையாசிரியர். "தேர்ச்சாமி மாதிரி நாளுக்கு ஒரு அலங்காரமா வர்றீங்களே மாஸ்டர்."

அந்த வாரம் இன்னொரு முறையும் அப்படியே ஆயிற்று. ஜீப் வராத நாட்களில் ஒரு குறையும் இல்லை. பாதையில் எவ்வளவு மழை பெய்தாலும் சக்கரம் ஓடியது. சரளைமண் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். கானில் இறங்கினால் மட்டும் அடைத்தது. கிளாக்கர் தன் சைக்கிளில் எனக்கு முன்னால் போவார். ஜீப்புக்கு இறங்கி, சரளையில் சக்கரத்தை வைத்துக்கொண்டு நின்று, மறுபடி ஏறிப் போய்விடுவார். அவர் சைக்கிளில் தாராளமான மட்காட், இரண்டு விரல் போகும். அவர் கானில் இறங்க வேண்டியதும் இல்லை. இடம் தேவைப்பட்டவன் நான். நான் லயத்து வாசலில், காய்ந்த தரையில், தலைகீழாகக் கவிழ்த்த சைக்கிளில் அளவெடுத்தேன். கானில் நிற்பதை அளவில் சேர்க்கவில்லை. அது எனக்குப் பாதையின் ஒரு பகுதியாகவே தோன்றவில்லை, மூச்சு விடுவதைப் போல. அதை நினைத்தபோதுதான் உண்மையில் கோபம் வந்தது. முதலில் என் மேல். பிறகு அது ஒரே ஆளிடம் நிற்கவில்லை.

வித்தியாதரிசி வருகிறார் என்று முதல்நாள் தலைமையாசிரியர் எல்லாரிடமும் சொன்னார். என்னிடம் தனியாகச் சொன்னார். "சுத்தமா வரணும், நேரத்துக்கு வரணும். ரெண்டுல ஒண்ணு கொறஞ்சாலும் ஒங்களைப் பத்தி நான் வாய் தெறக்க மாட்டேன்."

சாயங்காலம் மச்சான் சைக்கிளைச் சுற்றி வந்தார். "மேல தட்டையா இருக்கிற துண்டை வெட்டிப்புடலாம்."

"வெட்டினா அந்தச் சந்து வழியா சேறு மூஞ்சிக்கு வரும்."

"பின்னால உள்ளதை?"

"முதுகுக்கு வரும்."

"அப்ப ஒரே வழிதான். சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டுக் கான்ல நில்லுங்க. தொரைக்கு இன்னும் சந்தோசமா இருக்கும்."

அவர் கேலிக்குச் சொன்னார். நான் அதை ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன். சட்டைத் தோளில் சங்கிலி எண்ணெய் படும் என்பதற்காகத்தான் வேண்டாம் என்று முடிவு செய்தேன். வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. 

மறுநாள் காலை தூறல். ஆலையைத் தாண்டியதும், கீழ்த் திருப்பத்தில் ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்டது. நான் பிரேக்கில் கையை வைத்தேன். வலது பக்கம் கான், அதில் கலங்கிய தண்ணீர், அடியில் களி. பாதையில் ஜீப்பும் ஒரு சைக்கிளும் போக இடம் இருந்தது. ஓரமாக ஒதுங்கினேன். இறங்கவில்லை. வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் கண் முழுக்க என் களுசான் மேல் இருந்தது. ஜீப் என்னைக் கடந்தபோது தொரையின் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. பாதையில் மாடு குறுக்கே வந்தால் பார்ப்பது போன்ற முகம். பிறகு ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. இறக்கத்தில் விட்டேன்.

பள்ளி வாசலில் தலைமையாசிரியர் நின்றிருந்தார். வேறு யாரும் இல்லை.

"திரும்புங்க மாஸ்டர்."

திரும்பினேன். "ம்," என்றார்.

வித்தியாதரிசி என் வகுப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிள்ளைகள் நன்றாகப் பதில் சொன்னார்கள். அவர் போனபிறகு தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "சொல்லிட்டேன். இனி நீங்க இந்தப் பள்ளிக்கூடத்து மாஸ்டர்," என்றார். கையும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை வந்துவிட்டுப் போயிருந்தார். அவர் சொன்னதை அக்கா அவருடைய குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: "ஒங்க மகன் பெரிய மனுசனாயிட்டாராமே. பெரிய மனுசனுக்கு லயத்துல எதுக்குங்க காம்பரா?" ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் லயத்தை விட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் அப்பா குடியிருக்கும் அறையை, அந்தக் காம்பராவையே, எடுத்துக்கொள்வார்கள். சைக்கிளை இனி பாதையில் ஓட்டக் கூடாது. தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அன்று முழுநாள் வேலை செய்த அப்பாவுக்கு அரைப்பேர் போட்டிருந்தார்கள், அரைநாள் கூலி.

அப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வேலை நிரந்தரமான சேதியை நான் சொன்னேன். 

"எறங்குனா காலு ஒடஞ்சு போயிருமாடா?"

"எறங்கினா சேறு அடைக்குதுப்பா."

"அடைச்சா தொடச்சுக்கிறது."

"நேரமாகும்."

"வெள்ளனக் கெளம்புறது. நான் காலம் பூராவும் எறங்கித்தான் நிக்கிறேன். எனக்கு என்னடா கொறஞ்சு போச்சு?"

என்ன குறைந்தது என்று சொல்ல எனக்குத் தெரியும். ஒன்றொன்றாகச் சொல்லியிருப்பேன். அக்கா என் கையில் தேத்தண்ணிக் கோப்பையைத் திணித்து, கண்ணால் வெளியே போ என்றாள். போனேன். தேத்தண்ணியைக் குடிக்காமலே கொட்டினேன்.

அடுத்த நாள் தலைமையாசிரியரிடம், பள்ளிக்குப் பக்கத்தில் அறை பார்க்க வேண்டும், மத்தியானம் போகட்டுமா என்று கேட்டேன். காரணம் கேட்டார். சொன்னேன்.

"எறங்கியிருக்கலாமே மாஸ்டர்," என்றார்.

"எறங்கிச் சேறோட வந்திருந்தா?"

"அது வேற கதை."

"அப்ப நான் எப்படித்தான் வந்திருக்கணும்?"

அவர் கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது. "நான் வந்த மாதிரி வந்திருக்கணும். வெறுங்காலோட நடந்து வந்தேன். உடுப்பைப் பையில வச்சிருப்பேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால கெணத்தடியில கழுவி மாத்திக்கிட்டு உள்ள வருவேன். தொரைமாருக்கும் எறங்குனேன், பள்ளிக்கூடம் நடத்துன பாதிரிமாருக்கும் சுத்தமா நின்னேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

"அதைத்தானே சார் நான் முதல்நாளே கேட்டேன்? லயத்துப் பீலியான்னீங்க."

"கேட்டீங்க. எல்லார் காதுலயும் விழற மாதிரி கேட்டீங்க."

தோட்டத்துப் பேச்சு அவர் வாயில் அப்போது தடையில்லாமல் வந்தது. ஆனால் கோபம் அவருக்கு இல்லை. எனக்கு இருந்தது. காலை வணக்கத்தில் என் முதுகைக் காட்டிச் சிரிக்க வைத்த மனிதர், தன் முதுகை ஒரு ஆளும் பார்க்காமல் கழுவியவர் என்று தெரிந்தால் கோபம் குறையும் என்பார்கள். எனக்குக் கூடியது. அறை பார்க்கப் போகட்டுமா என்று மறுபடி கேட்டேன். போங்க என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என் தகரப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. நான் படுக்கையைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போனேன். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. பாதையில் குழிகளில் தண்ணீர் நின்றது. பங்களா திருப்பத்தில் ஜீப் வந்தது. அப்பா பெட்டியை இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, துண்டை அவிழ்த்து, கானில் இறங்கி நின்றார்.

"எறங்குடா," என்றார் தணிந்த குரலில். "இன்னைக்கு ஒரு நாளைக்கு எறங்குடா."

நான் பாதை ஓரத்துச் சரளையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிளாக்கர் நிற்கிற இடம் அது. ஜீப் வேகம் குறையவில்லை. தொரை எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. சக்கரம் கான் பக்கத்துக் குழியில் விழுந்து எழும்பியது. அப்பா பள்ளத்தில் நின்றதால் தண்ணீரும் சேறும் அவர் முகத்திலும் வாயிலும் அடித்தன.

அவர் துப்பினார். துண்டால் கண்ணை மட்டும் துடைத்தார். பிறகு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"ஒனக்கு ஒண்ணும் படலயே?"

"படல."

"அப்ப சரி. பெட்டியைத் தூக்கிவிடு."

தூக்கி அவர் தலையில் வைத்தேன்.